மார்லீன் அக்கா பின்னிய கரடியும் எங்கள் அணியின் முரட்டுத்தனமும்

பர்ச் லேண்டிங், மானிடோபா
டிசம்பர் 9

அன்பும் மரியாதையும் நிறைந்த மார்லீன் அக்காவுக்கு, தம்பி வென்டல் எழுதிக்கொண்டது. இங்கே நான், வீட்டுக்காரி டோரீன், நாய் மூவரும் சௌக்கியம். அங்கே உன் முழங்காலும் அத்தானின் டிராக்டரும் எப்படி? நீ பின்னி அனுப்பிய பச்சைக் கால்சட்டைக் கரடி பொம்மை பத்திரமாக வந்து சேர்ந்தது.

என் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். பீவர்ஸ் அணிக்கு முரட்டுத்தனம் கற்றுக்கொடுக்கத்தான் என்னைத் துணைப் பயிற்சியாளராக வைத்தார்கள். ஆனால் இந்தப் பசங்கள் சம்பளம் வாங்கி ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் மாதிரியா இருக்கிறார்கள்? சர்ச் விருந்தில் காப்பி ஊற்ற வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். எதிரணிக்காரன் இவர்களைத் தடுப்புப் பலகையில் வைத்து அப்பளமாக நொறுக்குகிறான், இவர்கள் எழுந்து அவனிடம் சாரி சொல்கிறார்கள். அதிலும் ஓரெஸ்ட் என்று ஒருத்தன், ஆறரை அடி, தப்பித்தவறி எவனையாவது இடித்துவிட்டால் கைகொடுத்துத் தூக்கி, "அடி பட்டுடுச்சாண்ணே? எங்கம்மா செஞ்ச பெரோகிக் கொழுக்கட்டை இருக்கு, கொண்டாரவா?" என்று விசாரிக்கிறான். மேனேஜர் ஃபெர்கஸ் என்னைக் கூப்பிட்டு, "இந்தா பாரு வென்டல், சனிக்கிழமை ஒருத்தனாவது ஒழுங்கா இடிக்கலைன்னா, திங்கக்கிழமையிலேருந்து நீ ஐஸ் வழிக்கிற வண்டிதான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டார்.

விடுவேனா? சாரி சொன்னால் இருபது தண்டால் என்று சட்டம் போட்டேன். எடுத்து முடித்துவிட்டு, "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், சாரி கோச்" என்கிறான்கள். மறுபடி இருபது. ஓரெஸ்ட் மட்டும் செவ்வாய்க்கிழமை முந்நூற்று நாற்பது எடுத்தான். "என்னையே எதிரியா நினைச்சு இடிடா பார்ப்போம்" என்றேன். இடித்தான். நெற்றியில் மூன்று தையல். சாயங்காலம் அம்மாவோடு கேக் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான் கடங்காரன்.

சனிக்கிழமைதான் கரடி வீசுகிற ஆட்டம் என்பதையே நான் மறந்துபோனேன் அக்கா. ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்காக நாலாயிரம் பேர் மடியில் பொம்மையோடு, நாம் முதல் கோல் போட்டதும் ஐஸில் வீசக் காத்திருக்கிறார்கள். ஓரமாக நின்ற என் கையிலும் உன் கரடி. கோலைத்தான் காணோம். எதிரணியின் பிரிஸ்புவா என்கிற மாமிசமலை நம் பொடியன் கிப்பைத் தூக்கிப் பலகையில் அடித்தான் பார், எனக்கு ரத்தம் கொதித்தது. கையில் இருந்ததை எதிரணி கோல் பக்கமாக வீசி எறிந்து, "போய் இடிங்கடா தடிமாடுகளா!" என்று கத்தினேன். நல்லவேளை, நடுவர் பார்க்கவில்லை. ஓரெஸ்ட் கிளம்பினான் அக்கா! கோலுக்கு அருகில் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டிருந்த பிரிஸ்புவா மேல் தடாலென்று ஒரே மோதல்! வட்டு எகிறி, அவர்கள் கோல்கீப்பர் முதுகில் பட்டு உள்ளே போய்விட்டது. கோல்! அவ்வளவுதான், கரடி மழை. விழுந்த இருவரும் பொம்மைக் குவியலுக்குள் புதைந்துபோனார்கள், நாலு கால் மட்டும் உதறுவது தெரிந்தது. "பெண்டை நிமித்துறான்டா என் புள்ள!" என்று நான் குதித்த குதியில் தையல் பிரிந்தது. ஃபெர்கஸ் ஓடிவந்து அந்த நெற்றியிலேயே முத்தம் கொடுத்து, "இதுதான்யா ஹாக்கி! இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீ எங்கேயும் போகக்கூடாது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். இந்தக் குளிரில் உன் முழங்கால் மடங்கி நிமிர எல்லாம் வல்லவன் அருளட்டும்.

உன் பாசமுள்ள (வேலையுள்ள) தம்பி,
வென்டல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஓரெஸ்ட் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். "கோச், நான் அவரை இடிக்கலை. பச்சைக் கால்சட்டை போட்ட கரடி ஒண்ணு ஐஸ்ல கிடந்துச்சு, யாரோ பாவம் கையால பின்னினது. மிதிச்சிடுவாங்களேன்னு எடுக்க ஓடினேன், அவர் குறுக்க வந்துட்டார். குவியலுக்குள்ள சாரிதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவரும் சொன்னார்." இருபது தண்டால் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இதை நீ யாரிடமும் சொல்லிவிடாதே, ஃபெர்கஸ் காதுக்குப் போய்விடும். அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னும் ஆறு கரடி பின்னி அனுப்பு.