துரு ஏறும்வரை காத்திருக்கவும்

பரிசீலனையார் என்றோர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. "முடியாது" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "முடியும்" என்றும் சொன்னதில்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே கிடக்கிற காலி இடத்தில் வீடு கட்டி, குடும்பம் நடத்தி, பதவி உயர்வும் வாங்கிக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் உட்காரச் சொல்லி, "பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்று புன்னகைக்கிறவர் அவர். அந்தப் புன்னகை இருக்கிறதே, அதைப் பார்த்தால் கோபப்படவும் மனம் வராது, நம்பவும் மனம் வராது. எழுந்து வெளியே வந்து, படியிறங்கி, தெருமுனை தாண்டிய பிறகுதான் நமக்குக் கோபமே வரும். அதற்குள் அவர் சாப்பிடப் போயிருப்பார்.

இந்த இனத்தில் நல்ல முற்றிய ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். வண்டி இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விபத்துப் பிரிவில் இருக்கிறார். காலையில் வந்ததும் கண்ணாடியைத் துடைப்பார். பேனாக்களை உயர வரிசையில் அடுக்குவார். பிறகு மேஜையின் வலப்பக்கம் இருக்கும் ஃபைல்களைத் தூக்கி இடப்பக்கம் வைப்பார். மாலையில் கிளம்புமுன் இடப்பக்கம் இருப்பவற்றைத் தூக்கி வலப்பக்கம் வைப்பார். நடுவில் யார் போன் செய்து கேட்டாலும் "ஃபைல் நகருது" என்பார். பொய்யா சொன்னார்? மனிதர் பொய்யே பேசமாட்டார்.

பரிசீலனையாரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே ஜாதி: இடித்தவர்கள், இடிபட்டவர்கள். இடித்தவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள், "நான்தான் சார், அசந்துட்டேன்" என்பார்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். வேலை எவ்வளவு சுத்தம்! இடிபட்டவன் அப்படியா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான். "நான் எந்தத் தப்பும் பண்ணல" என்பான். தப்பே செய்யாதவனுக்கு விபத்துப் பிரிவில் என்ன வேலை என்று பரிசீலனையாருக்கு உள்ளூர எரிச்சலாக இருக்கும்.

அப்படித்தான் ஒருநாள் வாடகைக் கார் டிரைவர் ஒருவர் வந்து நின்றார். சொந்தக் கார், சொந்த ஓட்டம். சிவப்பு விளக்குக்குச் சமர்த்தாக நின்றிருந்த அவருடைய காரின் பின்னால், நாற்காலியும் அலமாரியும் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஃபர்னிச்சர் கடை வேன் மோதிவிட்டது. டிக்கி மடங்கி, பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. வேனை ஓட்டி வந்த கடைக்காரர் நல்ல மனிதர். அந்த இடத்திலேயே இறங்கி, கைகூப்பி, தப்பு தன்னுடையதுதான் என்று ஊர் பார்க்க ஒப்புக்கொண்டார். வேனுக்கு இன்சூரன்ஸ் நம் பரிசீலனையாரின் கம்பெனி. கடைக்காரரின் வேனுக்கு மூக்கு நசுங்கியிருந்தது. அவர் வந்தார், தலை குனிந்தார், கையெழுத்துப் போட்டார், அடுத்த வாரமே வேன் புது மூக்கோடு தெருவில் ஓடியது. டிரைவரின் கார் மட்டும் பட்டறை வாசலில் கிடந்தது.

"சார், தப்பு என்மேல இல்லன்னு அவரே சொல்லிட்டாரே!" என்றார் டிரைவர்.

"உங்க பக்கம் தப்பே இல்ல சார். அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. அதனாலதான் லேட்டாகுது."

டிரைவருக்குக் காது சரியாகத்தான் கேட்டது. இருந்தாலும் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பரிசீலனையார் பொறுமையாக விளக்கினார். பொறுமை அவரிடம் மூட்டை மூட்டையாக உண்டு. எல்லாம் அடுத்தவர் நேரத்தைக் கொண்டு செய்தது. "கடைக்காரர் எங்க கஸ்டமர். அவருக்கு நாங்க செய்யறது கடமை. நீங்க வெளியாள். வெளியாளுக்குச் செய்யறதுன்னா நாலையும் யோசிக்கணும். இதே, தப்பு உங்க பேர்ல இருந்து, நீங்க எங்க கஸ்டமராவும் இருந்திருந்தா, நேத்தே முடிச்சுக் கையில குடுத்திருப்பேன்."

டிரைவர் மேஜைமேல் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்ப தப்பு என்னுதுன்னே எழுதிக்கங்க சார். நான்தான் ரிவர்ஸ்ல போய் அவர் வேனை இடிச்சேன்னு வச்சுக்கங்க. எனக்குக் காரு வேணும்" என்றார்.

"அதெப்படி? தப்பு உங்களுது இல்லன்னு பதிவாயிடுச்சே!"

வேடிக்கையாக இருக்கிறதா? டிரைவருக்கு இல்லை. ஆஸ்பத்திரி நர்சுகளை விடிகாலையில் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதுதான் அவருடைய பிழைப்பு. வருஷக்கணக்கான வாடிக்கை. அந்த வாடிக்கை கைவிட்டுப் போகாமல் இருக்க, மச்சானின் காரை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். இரவல் என்றால் தெரியுமே! சாவியைக் கொடுக்கும்போது மச்சான் ஒரு பெருமூச்சும் சேர்த்துக் கொடுப்பார். திருப்பி வாங்கும்போது காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒவ்வொரு கதவையும் தடவிப் பார்ப்பார். அன்றைக்கு டிரைவர் இதையெல்லாம் மென்று முழுங்கிச் சொன்னார்.

"மச்சான் இந்த மாசத்துக்கு மேல காரைத் தர மாட்டேன்னுட்டார் சார். அதுக்குள்ள என் வண்டி ரோட்டுக்கு வரலன்னா நர்சுங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க. பாத்துட்டாங்கன்னா திரும்பி வருவாங்களா? என் சம்சாரம் மச்சான் வீட்டுப் பக்கமே தலைகாட்ட மாட்டேங்குது. நானே காசைப் போட்டு வேலையை ஆரம்பிச்சிடட்டுமா?"

"அய்யய்யோ!" பரிசீலனையார் பதறிப்போனார். அவர் பதறி யாரும் பார்த்ததில்லை. பியூன்கூட எட்டிப் பார்த்தான். "ஒரு திருகாணியைத் தொடக்கூடாது! சேதத்தை மதிப்புப் போட எங்க சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் வண்டி எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். தொட்டீங்கன்னா அதோட கேஸ் போச்சு."

டிரைவர் தொடவில்லை. பட்டறைக்காரர் ஒரு தார்ப்பாயாவது போடட்டுமா என்று கேட்டதற்கும், வேண்டாம், அதையும் தொட்டதாகச் சொல்லிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார். அவ்வளவு யோக்கியர். சர்வேயர் வெளியூரில் இருந்தார். பிறகு லீவில் இருந்தார். பிறகு உள்ளூரிலேயே இருந்தார், ஆனால் அவரை அனுப்பச் சொல்லும் தாள் கையெழுத்தாகாமல் பரிசீலனையாரின் மேஜையில் வலமும் இடமுமாக நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தது. இதற்கு நடுவில் மழை வந்தது. அடித்துப் பெய்தது. மழைக்கு இன்சூரன்ஸ் விதிகள் தெரியாதில்லையா, அது காரைத் தொட்டுவிட்டது.

ஒரு வழியாகச் சர்வேயர் பட்டறைக்குப் போனார். மடங்கிய டிக்கியைச் சுற்றி வந்தார். விரலால் சுரண்டினார். திரும்பி வந்து ஒரே வரி சொன்னார்: துரு இருக்கிறது.

பரிசீலனையாரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் கிடைத்த மாதிரி இருந்தது. உடனே டிரைவருக்குப் போன் போட்டார். இத்தனை நாளில் அவராகப் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

"விபத்து புதுசுங்கறீங்க. துரு பழசா இருக்கே! இது ஏற்கெனவே எங்கேயோ வாங்கின அடின்னு நெனைக்கத் தோணுது."

"சார், நீங்கதானே தொடக்கூடாதுன்னீங்க? மழையில கெடந்தா இரும்பு துரு புடிக்காம என்ன பண்ணும்?"

"இருக்கலாம். நான் இல்லங்கல. மழையால புடிச்ச துருவா, முன்னாடியே இருந்த துருவான்னு பாக்கணும். பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

டிரைவர், "நீங்க பாத்துக்கிட்டே இருந்ததாலதான் சார் துருவே புடிச்சது" என்றார். பரிசீலனையார் அதைக் காதில் வாங்கவில்லை. ஃபைலைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார்.

அவர் ஆபீசில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து வெகு காலமாகிறது. அன்றிலிருந்து உள்ளே போகிறவர்கள் சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும், பாட்டு நின்றால் யாராவது உள்ளே நுழைந்துவிடுவார்கள் என்பது வீட்டின் சட்டம். மனைவிக்குப் பாட்டு வராது; இருமுவாள். கல்லூரிக்குப் போகிற மகள் தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்துவிட்டு, இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.

"ஒரு தாழ்ப்பாளுங்க! கடைக்குப் போனா வாங்கிட்டு வந்துடலாம்" என்பாள் மனைவி.

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"எதைப் பாத்துக்கிட்டிருக்கீங்க? கதவையா?"

பரிசீலனையாருக்கு மனைவி சொல்வது புரியாது. பார்ப்பதும் ஒரு வேலைதானே என்று மனசார நம்புகிறவர் அவர். தான் யாருக்காவது கெடுதல் செய்கிறோம் என்று ஒரு நாள் படுக்கையில் புரண்டிருப்பாரா? கும்பகர்ணத் தூக்கம்!

மாசம் முடிந்தது. அதற்கு அடுத்ததும் முடிந்தது. டிரைவரின் நடையும் நின்றது, போனும் நின்றது. பரிசீலனையார் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு அவசர வேலை இருந்தது. அவருடைய நாற்காலி கிறீச்சிட ஆரம்பித்திருந்தது. புது நாற்காலி வேண்டுமென்று திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் எந்த மேஜையிலும் உட்காரவில்லை, யாரும் அதைச் சுரண்டிப் பார்க்கவில்லை. அந்த வாரமே நாற்காலி வந்து இறங்கியது.

சுமந்துகொண்டு வந்தவர் அதை மேஜைக்குப் பின்னால் வைத்து, உறையைப் பிரித்து, ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். பரிசீலனையார் உட்கார்ந்து பார்த்தார். சுகம். நிமிர்ந்தபோதுதான் ஆளை அடையாளம் தெரிந்தது.

"அட, நீங்களா! என்ன இந்தப் பக்கம்? காரு?"

"எடைக்குப் போட்டுட்டேன் சார். பட்டறைக்காரர் எவ்வளவு நாள்தான் வாசலை அடைச்சு வச்சிருப்பார்? நர்சுங்க வேற வண்டியில போறாங்க. போகும்போது கையாட்டுவாங்க." டிரைவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைக்காரருக்கு மனசு கேக்கல. வேனை நீயே ஓட்டுன்னு குடுத்துட்டார். என்னை இடிச்ச அதே வேன்தான். நல்ல கண்டிஷன்ல இருக்கு சார். நீங்கதானே உடனே சரி பண்ணிக் குடுத்தீங்க!"

பரிசீலனையாருக்கு அதில் குத்தல் இருப்பதாகத் தெரியவில்லை. "அப்ப உங்க கேஸ்?"

"விட்டுட்டேன் சார்."

விட்டுட்டேன்! பரிசீலனையாரின் உள்ளம் குளிர்ந்தது. வலமும் இடமுமாக அலைந்த ஃபைலை எடுத்தார், கோரியவர் அக்கறை காட்டவில்லை என்று எழுதினார், கட்டி அலமாரியில் போட்டார். ஆச்சரியம் பாருங்கள், அதற்கு எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. கெட்டிக்காரர், கேஸை முடித்துவிட்டார் என்று மேலதிகாரி அந்த மாசம் அவரைத் தட்டிக்கொடுத்தார்.

டிரைவர் கிளம்புமுன் நாற்காலிக்கான ரசீதை நீட்டினார். "எங்கயாவது கீறல் இருக்கா, நல்லாப் பாத்துட்டுப் போடுங்க சார்."

"எதுக்குப் பாக்கணும்? உங்களை எனக்குத் தெரியாதா?" என்று பளிச்சென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் பரிசீலனையார். டிரைவர் அந்தக் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கையெழுத்துக்காகத்தான் அவர் காரையும், வாடிக்கையையும், மச்சான் வீட்டு உறவையும் தொலைத்திருந்தார். போட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. உங்களுக்கு மேஜையும் இல்லை, அதன்மேல் வலப்பக்கமும் இடப்பக்கமும் இல்லை. ஒருவர் பிழைப்பை உங்கள் கையில் பிடித்துக்கொண்டு புன்னகைக்கிற பழக்கமும் உங்களுக்குக் கிடையாது. பரிசீலனையாரை நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் படுக்குமுன் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குள் எங்கேயோ, யாரோ, ரொம்ப நாளாக வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.