ஏழரைத் தாளமும் ஈ.சி.ஆர். பஸ்ஸும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த நொடியில் தோன்றியதுபோல நான் வயலினில் வாசித்த கற்பனை ஸ்வரங்கள் எல்லாம் வீட்டில் எழுதி மனப்பாடம் செய்தவை. (ஸ்வரம் முணுமுணுத்தபடியே இரண்டு பால் பாத்திரங்களைத் தீய்த்திருக்கிறேன்.)

திருப்போரூரில் வயலின் டீச்சராக இருந்த என்னை, கோவளத்தில் ஒரு விழாவில் இரண்டு வெளிநாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்கக் கூப்பிட்டார்கள். நார்வேயிலிருந்து கிளாரினெட் லார்ஸ், ஜப்பானிலிருந்து டிரம்ஸ் கென்டா. சரியாக அமைந்தால் நார்வேயிலும் கச்சேரி. நான் உடனே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

"ஒத்திகை வேண்டாம். ப்ளான் கிடையாது. ஓகே?" என்றார் லார்ஸ்.

"ஓகே, ஓகே" என்றேன். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு பக்கத்துக்கு ப்ளான் எழுதினேன், எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில்.

கடற்கரை மைதானத்தில் மாலைக் கச்சேரி. முன்வரிசையில் கணவர் சேகர், மகள் நிலா, என் மாணவிகள் பதினான்கு பேர். கென்டா சிரித்தபடி டிரம்ஸில் தொடங்கினார். விரலில் எண்ணினேன். ஏழரை! சனி பகவான்கூட பஞ்சாங்கத்தில் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

எனக்கு வேறு வழி தெரியாது, எட்டிலேயே ஆரம்பித்தேன். சுற்றுக்கு அரை எண்ணிக்கை விலகி, அவர்கள் முடிக்கும் இடத்தில் நான் நடுத்தெருவில் நின்றேன். மைக் செட் ரஃபி பொறுக்க மாட்டாமல் ஓரத்திலிருந்து சொன்னார்:

"அக்கா, அவங்க அந்தாண்ட போறாங்க, நீ இன்னா இந்தாண்ட போய்க்கினு கீற?"

அவர் கையிலிருந்த மைக் ஆன் ஆகியிருந்தது. மைதானமே சிரித்தது. என் மாணவிகள்தான் அதிகம் சிரித்தார்கள். பன்னிரண்டு பக்கமும் மண்டையிலிருந்து மறைந்துபோக, வில் அப்படியே நின்றது.

அப்போது மைதானத்தை ஒட்டிய ஈ.சி.ஆர். சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பாம்... பபபாம்!

பயத்தில் என் கை அதையே வயலினில் இழுத்துவிட்டது. கென்டாவின் கண்கள் விரிந்தன. டிரம்ஸில் பதில் அடித்தார். லார்ஸ் அதையே கீழ் ஸ்தாயியில், ஜலதோஷம் பிடித்த பஸ் மாதிரி ஊதினார். என்னை இடறிக்கொண்டிருந்த அந்த அரை எண்ணிக்கையில் ஹாரனைச் செருகிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது!

"அப்டித்தான் அக்கா! வுடாத!" என்று ரஃபி கத்தினார், மைக்கிலேயே.

நான் விடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு மூவரும் சேர்ந்து பதில் சொன்னோம். வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் நாற்பது நிமிடம் வாசித்தேன். முடித்தபோது விசில் சத்தத்தில் அலைச்சத்தம் கேட்கவில்லை.

"நார்வேக்கு வாங்க. பஸ்ஸும் கட்டாயம் வரணும்" என்றார் லார்ஸ்.

போனேன். பஸ்ஸை வயலினிலேயே கொண்டுபோனேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

இன்றும் எங்கள் தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் நிலா வாசலிலிருந்து உள்ளே குரல் கொடுக்கிறாள்: "அம்மா, உன்னத்தான் கூப்புடுறாங்க!"