மேற்கோள் தாயத்து

1958-இல் தங்கச்சிமடத்துக்கு ஒரு மகான் வந்து சேர்ந்தார். மகான் என்றால் காவி, கமண்டலம் எல்லாம் கிடையாது. கோட்டு, மூக்குக்கண்ணாடி, பெட்டி நிறையப் புத்தகங்கள். அத்தனையும் அவரே எழுதியவை. பாதி சிறுநீரகத்தைப் பற்றி, மீதி தத்துவத்தைப் பற்றி. பெயர் பேராசான் நாகநாதன்.

திடலில் பந்தல் போட்டாகிவிட்டது. சீடர் மருதுபாண்டி மைக்கைப் பிடித்து முழங்கினார்.

"பேராசான் எழுதுனதை லண்டன்ல பெரிய பெரிய படிப்பாளிக மேற்கோள் காட்டுறாக. ஜெர்மனியில காட்டுறாக. நேத்து ஜப்பான்லயும் காட்டிட்டாக."

லண்டனில் யார், எந்தப் புத்தகத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வர லண்டன் என்ன பாம்பனுக்குப் பக்கத்திலா இருக்கிறது?

வைத்திய முறை மிகவும் சுலபம். பேராசானின் நூலில் ஒரு பக்கத்தைத் தாயத்துக்குள் அடைத்து, அரக்கு வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். உலகத்தில் எங்காவது ஓர் அறிஞர் பேராசானை மேற்கோள் காட்டினால், இங்கே தாயத்தில் சூடு ஏறிச் சிறுநீரகக் கல் கரையும். நாமே காட்டினால் இன்னும் விசேஷம். விடுவார்களா நம் மக்கள்? "பேராசான் சொன்னபடி வாடைக்காத்து அடிக்குது" என்று வலையை எடுத்தார்கள். "பேராசான் சொன்னபடி புளி கூடிப்போச்சு" என்று குழம்பைத் தள்ளிவைத்தார்கள். ஆர்.எஸ்.மங்கலத்துச் சம்சாரிகள் நடவைப் பாதியில் போட்டுவிட்டு ரயிலேறி வந்தார்கள். கல் இல்லாதவர்களும் தட்சிணை வைத்து ஒன்று கட்டிக்கொண்டார்கள்.

வள்ளக்காரர் சிலுவைமுத்துவுக்குக் கல் நிஜமாகவே இருந்தது. வலி வந்தால் பாயில் சுருண்டுவிடுவார். நீர் பிரிவது குறைந்து, முகமும் காலும் வீங்கிவிட்டன. மதுரைக்குப் போய் அறுத்து எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்று ராமநாதபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். பேராசானோ, "கத்தி பட்டால் ஏறிய மேற்கோள் எல்லாம் இறங்கிவிடும்" என்றார். சிலுவைமுத்து பேராசான் கட்சி.

"ஏங்க, மருதைக்குப் போயிருவோங்க" என்று மனைவி லீமாரோஸ் கெஞ்சினாள்.

"அந்த டாக்டரை எவனுக்குடி தெரியும்? இவரை ஜப்பான்காரனே மேற்கோள் காட்டுறான்."

தாலி கட்டியவர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறார் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. அழுது பார்த்தாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். அழுகையைவிட அது பயன்பட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் பேராசான் சூடு பார்ப்பார். அதாவது, தாயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பக்கத்தை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்வார். அந்த வாரம் லீமாரோஸும், இடுப்பைப் பிடித்தபடி சிலுவைமுத்துவும் வரிசையில் நின்றார்கள். அவள் தன் தாயத்தை நீட்டினாள்.

பேராசான் கண்ணை மூடினார். "ஆகா, உயர்ந்த பக்கம். ஜெர்மனியில் இருவர் காட்டியிருக்கிறார்கள். என் கை சுடுகிறது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா. உங்க பொஸ்தகப் பக்கந்தானா?"

"என் எழுத்து எனக்குத் தெரியாதா, அம்மா?"

லீமாரோஸ் தாயத்தை வாங்கி, அரக்கைப் பல்லால் கடித்துப் பிரித்து, எல்லோரும் பார்க்கக் கவிழ்த்தாள். விழுந்தது ஒரு மீன் செதில்.

"காலையில நாந்தான் பக்கத்தை எடுத்துட்டு இதை வச்சு ஒட்டுனேன். இந்தக் கொடுவா மீனை ஜெர்மன்காரன் எங்கன வச்சு மேற்கோள் காட்டுனான்?"

பேராசான் சட்டென்று தத்துவத்துக்குத் தாவினார். வைத்தியம் காலை வாரினால் ஏறிக்கொள்வதற்குத்தானே அதையும் கையோடு வைத்திருந்தார்.

"நூலும் செதிலும் ஒன்றே. வேறுபாடெல்லாம் மாயை."

"அப்ப கல்லும் மாயைதான? மாயைக்கு எதுக்குய்யா தட்சிணை வாங்குனீக?"

திடலே சிரித்தது. சிலுவைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. தன் தாயத்தை அறுத்து மனைவியிடம் கொடுத்தார். "இதுல என்னதான் எழுதிருக்கு, படி."

அது சிறுநீரக நூலின் பக்கம். லீமாரோஸ் படித்தாள்: "கல் கரையும் விதத்தை எமது தத்துவ நூலில் காண்க."

பின்னால் நின்ற ஆர்.எஸ்.மங்கலத்துப் பூமயில் தன்னுடையதையும் பிரித்து நீட்டினாள். அது தத்துவ நூலின் பக்கம். "இதன் நிரூபணத்தை எமது சிறுநீரக நூலில் காண்க."

சிலுவைமுத்து பேராசானை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, உன்னைய மேற்கோள் காட்டுன ஆளு நீயேதானா?"

மருதுபாண்டி மைக்கை நிறுத்தினார். வந்த நாளிலிருந்து அவர் ஊருக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான். தட்சிணையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பேராசானையும் சீடரையும் ஊரார் மரியாதையாக ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

லீமாரோஸ் அன்றைக்கே புருஷனை மதுரைக்குக் கூட்டிப் போனாள். கல்லை அறுத்து எடுத்தார்கள், ஆள் பிழைத்துக்கொண்டார். அறுத்த டாக்டரை அடுத்த தெருக்காரர்கூட மேற்கோள் காட்டியிருக்க மாட்டார். அவர் முதலில் கேட்டது, "எங்கே வலிக்குது?" என்பதுதான். பேராசான் கடைசிவரை கேட்காத கேள்வி அது.

ஆயிரம் பேர் சொல்கிறார்கள் என்று கையெடுத்துக் கும்பிடும் நண்பர்களே, அந்த ஆயிரத்தில் ஒருவராவது சோதித்துப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டுக் கும்பிடுங்கள். கேட்டுவிட்டால், பெரும்பாலும் கும்பிட வேண்டியிருக்காது.