போர்மேன் வீட்டு ஓ.டி.பி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், காபி டம்ளரை நங்கென்று கீழே வைத்துவிட்டு, போர்மேன் ரத்தினசாமி நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நாட்டு மக்கள் என்றால் அவர் மனைவி இசைவாணி. வேறு ஆள் இல்லை. ஒரே மகள் ஹர்ஷினி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குத் தப்பித்துப் போயிருந்தாள்.

"ஏ இசை! இன்னையில இருந்து பகல் நேரத்துல இந்த வீட்டு ஓ.டி.பி. ஒண்ணுகூட வெளிய போகாது. யாரு கேட்டாலும் கிடையாது. நம்ம தகவல் நம்ம சொத்து!"

"யாரு சொன்னா?"

"வீடியோவுல ஒருத்தர் சொன்னாரு. டிஜிட்டல் உரிமைன்னு பேரு. ஒவ்வொரு மனுசனுக்கும் உண்டாம்."

"மனுசிக்கு?"

ரத்தினசாமி யோசித்தார். "அதை அவரு சொல்லல. நேரம் பத்தல போல."

இந்த இடத்தில் ரத்தினசாமியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அவரைத் தாண்டி ஒரு தீக்குச்சி உள்ளே போனதாகச் சரித்திரம் கிடையாது. பீடி, தீப்பெட்டி, நைலான் சேலை, ஆணி அடித்த செருப்பு எல்லாம் வாசல் கேட்டோடு சரி. கல்யாண வீட்டு வாசலில் நின்றால்கூட, வருகிறவர்கள் சட்டைப் பையைத் தடவிப் பார்க்க அவர் கை பரபரக்கும். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தடவியே விட்டார். அவர் இன்றுவரை பேசுவதில்லை.

ஆலைக்குள் செல்போனும் கூடாது. முதலாளி கனகசபாபதியே வந்தாலும் கேட்டில் இருக்கிற மரப்பெட்டியில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க முடியும். காலையில் போட்டால் சாயங்காலம் சங்கு ஊதின பிறகுதான் கைக்கு வரும். நல்ல சட்டம். உயிர் காக்கிற சட்டம். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கூத்து இங்கேதான் ஆரம்பம். கேஸ் இணைப்பு இசைவாணி பேரில். பேங்க் கணக்கு இசைவாணி பேரில். இசைவாணியுடைய ஆதார் இசைவாணி பேரில்தானே இருக்கும்! பேரெல்லாம் அவள் பேர். நம்பர் மட்டும் அத்தனைக்கும் ரத்தினசாமி நம்பர். அதாவது, அந்த வீட்டுக்கு வருகிற ஓ.டி.பி. அம்புட்டும், வீட்டிலேயே பகலெல்லாம் போன் எடுக்க முடியாத ஒரே மனுஷனைத் தேடிப் பிடித்து வந்து சேரும்.

இசைவாணி சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளும் இல்லை. ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்கிறவள். அவள் ஊசி பிடித்து ஒரு மயிலை முதுகில் இறக்கினால், மேகம் கறுத்தால் அது எழுந்து ஆடிவிடுமோ என்று பயமாக இருக்கும். கையில் அம்புட்டு வித்தை. போட்டோ எடுத்துத் தன் போனில் போட்டாள்; பெங்களூர், சேலம் என்று எங்கெங்கோ இருந்து கல்யாணப் பெண்கள் ஆர்டர் கொடுத்தார்கள். அந்தச் சின்னப் போன் இசைவாணியைச் சிவகாசித் தெருவில் இருந்து தூக்கிக்கொண்டு போய் ஊர் ஊராகக் காட்டியது. சும்மா சொல்லக் கூடாது, பெரிய சாதனம்தான்.

பகலில் ஓ.டி.பி. வந்தால் என்ன செய்வாள்? ஆலை கேட்டில் இருக்கிற மேசை போனுக்குக் கூப்பிடுவாள். வாட்ச்மேன் பால்பாண்டி எடுப்பார்.

"பாண்டித் தம்பி, அண்ணாச்சி போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், பாருங்களேன்."

"வந்துருக்கு மதினி. கேஸா, பேங்க்கா?"

"கேஸு."

பால்பாண்டிக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லாரும் தன்னைப் போலத்தான் என்று நினைத்து, ஒவ்வொரு எண்ணாக, லோடு ஏற்றுகிறவர்களுக்கும் கேட்கும்படி முழங்குவார். காரியம் நடந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று சங்கு ஊதி வெளியே வந்த ரத்தினசாமியிடம் போனை நீட்டிக்கொண்டே பால்பாண்டி வெள்ளந்தியாகச் சொன்னார்: "அண்ணாச்சி, வீட்டுக்கு கேஸ் வந்துருச்சு. பெங்களூர் பார்ட்டி பணம் போட்டாச்சு. ஹர்ஷினிப் பாப்பாவுக்குப் பரீட்சைப் பணம் கட்டியாச்சு. அப்புறம், நீங்க கொழுப்புக்கு ரத்தம் குடுத்தீகள்ல, அது கொஞ்சம் கூடுதலாம்."

ரத்தினசாமிக்குத் தலை சுற்றியது. தீக்குச்சியைத் தடுத்த கேட்டில், தன் கொழுப்பு பகிரங்கமாகிக் கிடக்கிறதே! அதன் விளைவுதான் அந்த நங்கென்ற டம்ளர்.

"வாட்ச்மேனுக்குத் தெரியக் கூடாது, அம்புட்டுத்தானே?" என்றாள் இசைவாணி. "என் பேர்ல இருக்கிறதை எல்லாம் என் நம்பருக்கு மாத்திருவோம். சோலி முடிஞ்சுது."

"அதெப்படி? குடும்பம்னா ஒரே இடத்துல கட்டுப்பாடு இருக்கணும். வெடிமருந்து வச்சிருக்கிற ரூமுக்கு ரெண்டு பேருட்டயா சாவி குடுப்பாக?"

"ஆனா வேலை செய்யிற ரூமுக்கு நாலு பக்கமும் கதவு வச்சிருக்கீகளே. அதையும் திறந்தே போட்டிருக்கணும்னு தினமும் சத்தம் போடுறீகளே. எதுக்கு?"

"ஆபத்துன்னா ஓடணும்ல!"

"வீட்டுல மட்டும் ஒரே கதவை வச்சு, அதையும் பூட்டி, சாவியை நாரணாபுரத்துக்குக் கொண்டு போயிருவீகளா?"

ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். பதில் வராத நேரத்துக்கென்று உலகத்துப் புருஷர்கள் எல்லாரும் வைத்திருக்கிற பதிலை எடுத்து விட்டார். "அது வேற, இது வேற. நம்பரை மாத்தணும்னா குடும்பத் தலைவர் கையெழுத்து வேணும். நான் போட மாட்டேன்."

மறுநாளே ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவைத் தேடி எடுத்தார். போனை உள்ளே வைத்தார். குட்டிப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டினார். மரப்பெட்டிக்குள் டப்பா, டப்பாவுக்குள் போன். பகலெல்லாம் அது உள்ளுக்குள் கிடந்து கிணுகிணு என்று அழும். பால்பாண்டி டப்பாவைத் தடவிக் கொடுத்து, "பொறு, பொறு, சங்கு ஊதட்டும்" என்று ஆறுதல் சொல்வார்.

முதலில் கேஸ்காரர் வந்தார். நம்பர் கேட்டார். நம்பர் டப்பாவுக்குள் இருந்தது. சிலிண்டர் படியேறின வேகத்தில் படியிறங்கிப் போனது. அன்று ராத்திரி ரத்தினசாமிக்கு அவலும் வாழைப்பழமும்.

"உரிமைக்காக இதுகூடத் தாங்க மாட்டேனா?" என்று அவலை மென்றார்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. இசைவாணி ஆன்லைனில் சொந்தமாக ஒரு கடை திறக்கப் படாத பாடு பட்டிருந்தாள். படம், விலை, அளவு எல்லாம் ஏற்றியாயிற்று. பெங்களூரில் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணுக்கும், பெண்ணின் அக்கா தங்கச்சிகளுக்கும், ஒரு வீட்டு ஜாக்கெட் மொத்தமும் அவளிடமே தைப்பதாகச் சொல்லி, கடை திறப்பதற்காகக் காத்திருந்தார்கள். பேங்க் கணக்கைச் சரிபார்க்க ஓர் ஓ.டி.பி. அதுதான் பாக்கி; அதையும் பகலில், ஆபீஸ் நேரத்தில்தான் அனுப்புவார்களாம். அனுப்பினார்கள். மறுபடி அனுப்பினார்கள். டப்பா அழுதது. சாயங்காலம் அவர் பூட்டைத் திறந்தபோது எல்லாம் காலாவதி. கல்யாண வீட்டுக்காரர்கள் இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

இசைவாணி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ரத்தினசாமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாதி மயில் போட்ட துணியைச் சட்டத்தில் இருந்து கழற்றி மடித்து வைத்தாள். "நான் பட்ட பாடெல்லாம் ஒரு டிபன் டப்பாவுக்குள்ள போயிருச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். ரத்தினசாமிக்குப் போய்க் கையைப் பிடித்து "மாத்திக்கோத்தா" என்று சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. போர்மேன் வாய் அல்லவா, வந்ததைத் தடவிப் பார்த்து கேட்டிலேயே நிறுத்திவிட்டது.

அதற்குப் பதிலாக அவர் ஒரு புரட்சி செய்தார். அந்த வீடியோவுக்குக் கீழே போய், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, ஒரு கருத்துப் போட்டார்: "ஓ.டி.பி. என்னும் கொடுமையை அரசு உடனே ஒழிக்க வேண்டும். இவண், ரத்தினசாமி, போர்மேன்." வீடியோக்காரர் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டார்.

அந்த வாரமே இசைவாணி சாதுவாகிவிட்டாள். "யோசிச்சுப் பார்த்தேங்க. நீங்க சொன்னதுதான் சரி. இந்தக் காலத்துல பத்திரமா இருக்கணும்" என்றாள். ரத்தினசாமிக்கு உச்சி குளிர்ந்தது. விருதுநகர் போய் வத்தல் வாங்கி வருகிறேன் என்று காலையில் பஸ் ஏறினவள், சாயங்காலம் ஒரு பை வத்தலோடும் முகம் நிறையச் சிரிப்போடும் வந்து இறங்கினாள். வத்தல் மலிவு போல என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அதிசயம் நடந்தது. ரத்தினசாமி போனுக்கு ஓ.டி.பி. வருவது நின்றேபோனது. டப்பா அழவில்லை. ஒரு கிணுகிணு இல்லை. ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்தது. மேசையில் ஜாக்கெட் பார்சல்கள் அடுக்கடுக்காக நின்றன. இசைவாணிக்கு உதவிக்கென்று பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து பாசி கோத்தார்கள்.

"கேஸ் எப்படி வந்துச்சு?"

"கொண்டாந்து குடுத்தாக. வாங்கிக்கிட்டேன்."

"நம்பர் கேக்கலையா?"

"உங்க நம்பரை யாரும் கேக்கலீங்க."

ரத்தினசாமி எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சிவப்பு இதயம் கண்முன் வந்தது. "அப்ப எடுத்துட்டாக! ஏ இசை, நாடு பூரா ஓ.டி.பி.யை எடுத்துட்டாக! ஒரு குடிமகன் எந்திரிச்சுக் குரல் குடுத்தா என்ன நடக்கும்னு பாத்தியா?"

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள் இசைவாணி, ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

அப்புறம் ரத்தினசாமியைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் பேசினார். லோடு லாரி டிரைவர்களிடம் பேசினார். ஆலையில் பாதுகாப்பு வாரம் வந்தது. முதலாளி அவரையே மேடையேற்றினார். மருந்து, திரி, வாளி மணல் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, டிஜிட்டல் பாதுகாப்பில் இறங்கினார். "உஷாரா இருந்தா எதையும் தடுக்கலாம். இன்னைக்கு ஓ.டி.பி.யே கிடையாது. யாரால? பேரைச் சொல்லிக்க எனக்கு விருப்பம் இல்ல. ஆனா அவரு இந்த மேடையிலதான் நிக்கிறாரு."

புஸ்வாணம் பிரிவில் வேலை பார்க்கிற ரோஜா எழுந்தாள். "அண்ணாச்சி, எனக்கு நேத்துக்கூட வந்துச்சே?"

"உன் போன் பழசு தாயி. சேதி இன்னும் போய்ச் சேரல."

கைதட்டல் பலமாக இருந்தது. பால்பாண்டிதான் ரொம்ப நேரம் தட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமையில் என்று ரத்தினசாமி எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. ரத்தினசாமி வீட்டில் இருந்தார். தலை நரைத்த கூரியர்காரர் ஒருவர், தள்ளாட்டமாக ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் இறக்கினார். ஆரி வேலைக்குப் புது மிஷின்.

"சார், ஓ.டி.பி.?"

ரத்தினசாமி கடகடவென்று சிரித்தார். "எந்தக் காலத்துல இருக்கீக? அதெல்லாம் எடுத்தாச்சு. பெட்டியை வச்சுட்டுப் போங்க."

"சார், அக்கா நம்பருக்கு வந்திருக்கும். எப்பவும் அவுகதான் சொல்வாக."

"எப்பவுமா?"

இசைவாணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தன் போனை எடுத்தாள். நம்பரைச் சொன்னாள். கூரியர்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ரத்தினசாமி பெட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பொண்டாட்டியைப் பார்த்தார். மேடையில் பேசினதெல்லாம் வரிவரியாகத் திரும்பி நினைவுக்கு வந்தது.

"எப்ப மாத்தினே?"

"விருதுநகர் போனேன்ல, அன்னைக்கு ஆதாரை மாத்தினேன். மறுநாள் இங்கன பேங்க்கு. அதுக்கு மறுநாள் கேஸு. பெங்களூர்க்காரக போனாக, போகட்டும். மதுரையில ரெண்டு கல்யாணம் இப்ப கையில இருக்கு."

உள்ளபடி சொன்னால், ரத்தினசாமிக்கு அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. அடேயப்பா என்றுதான் இருந்தது. என்ன நெஞ்சழுத்தம், என்ன திட்டம், என்ன அமைதி! இவள் மட்டும் ஆலைக்கு வந்திருந்தால் இவள்தான் போர்மேன், நான் மரப்பெட்டிக்குக் காவல் என்று அவருக்கே தோன்றியது. இருந்தாலும் கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"அது சரி. நான் வராம, என் கையெழுத்து இல்லாம, எப்படி மாத்திக் குடுத்தாக?"

"பெருவிரலை வைக்கச் சொன்னாக, வச்சேன். புருசனையும் கூட்டிக்கிட்டு வரணுமான்னு கேட்டேங்க. அவரு எதுக்கும்மான்னு கேட்டாக."