மலர் அக்காவின் மொழிபெயர்ப்பாளர்

மைக் கையில் கிடைத்தால் எனக்குப் புத்தி தடுமாறும். இதை ஒப்புக்கொள்ள, ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் நான் அவமானப்பட வேண்டியிருந்தது.

சில வருடங்களுக்கு முன், நாட்டின் குற்றவியல் நீதிமுறையை எப்படித் திருத்தலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். லண்டனில், நாங்கள் இருக்கும் இல்ஃபோர்டில் அதற்கொரு கூட்டம். தமிழருக்கு மொழிபெயர்க்க நானே முன்வந்தேன். (யாரும் கெஞ்சவில்லை.) ஒரு கிழமை முழுக்க ஜூரி முறையைப் பற்றி வாசித்து, டை கட்டிக்கொண்டு போனேன். மனைவியையும் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் இருத்தினேன். அது இரண்டாவது பிழை.

பக்கத்துக் குட்மேய்ஸில் கடை வைத்திருக்கும் மலர் அக்கா எழுந்தார்.

“என்ர மனுசனைக் கடைக்குள்ள வைச்சு ஒருத்தன் அடிச்சவன். மூண்டு வருசமா வழக்கு தள்ளித் தள்ளிப் போகுது. அடிச்சவன்ர முகம் இவருக்கு இப்ப மங்கிக்கொண்டு வருது. நாளைக்குக் கோர்ட்டில கேக்கேக்க இவர் என்ன சொல்லுவார்?”

அவ்வளவுதான்.

நான் தொண்டையைச் செருமினேன். ஜூரியின் வரலாற்றில் தொடங்கி, நீதிபதிகள் பற்றாக்குறை, சட்ட உதவி, ஜனநாயகம் என்று பத்து நிமிடம் பொழிந்தேன். (கைதட்டலுக்காகக் கடைசியில் கொஞ்சம் இடைவெளியும் விட்டேன்.) ஒருவரும் தட்டவில்லை.

குறிப்பெடுத்த அதிகாரிப் பெண் பேனையை வைத்தார். “இவ்வளவையும் இவரா சொன்னார்?”

“ஏறக்குறைய,” என்றேன்.

மலர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்கு இங்கிலீஷ் விளங்கும், தம்பி. பேசேக்க நாக்குத் தடக்கும், தடக்கினால் அழுதிடுவன். அதுதான் உங்களை நம்பினனான். நீங்கள் சொன்ன கதையில என்ர மனுசன் எங்க?”

மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, நானும் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கடைசிக் கேள்வியில் உடைந்தது என் குரல்தான். அதிகாரி எழுதியதை அக்காவுக்கே வாசித்துக் காட்டினார். அக்கா தலையாட்டிவிட்டு அமர்ந்தார்.

ஒருவழியாக வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அவருடைய கணவரால் அந்த முகத்தை உறுதியாகச் சொல்ல ஏலவில்லை. அக்கா போனில் அதைச் சொன்னார். நான் ஒரு விளக்கமும் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டாரிடம் மட்டும் எனக்கு விடுதலை இல்லை; கூட்டத்தில் நடந்ததை மனைவி மகளுக்கு அப்படியே சொல்லியிருந்தாள். மனைவிக்குத் தலையிடி என்று டொக்டரிடம் நான் விளக்கத் தொடங்கினால், மகள் குறுக்கே கேட்பாள்:

“அப்பா, இந்தக் கதையில அம்மா எங்க?”

டொக்டர் விழிப்பார். மனைவி சிரித்துக்கொண்டே மிச்சத்தைத் தானே சொல்லத் தொடங்குவாள்.