நான் சரியாக வைத்த லிவர்

அந்த டிராக்டருக்கு லிவர் வைத்தவர் யாரென்று தெரிந்திருந்தால், இத்தனை வருடத்தில் காரசாரமாக ஒரு கடிதமாவது போட்டிருப்பேன். நடந்ததில் முழுக் குற்றமும் என்னுடையது என்கிறது என் குடும்பம். பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம். பீர்க்கன்கரணையில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டாவது கோடை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் கிணற்றில் வாளியை இறக்கினால் தரையில் இடிக்கும் சத்தம்தான் கேட்டது. அன்று பையனுக்குக் காது குத்து. நாற்பது பேருக்குச் சாப்பாடு. கீழ்க்கட்டளையிலிருந்து என் நாத்தனார் பத்து மணிக்கு வருகிறார். மனை வாங்கும்போதே, "தண்ணியில்லாத ஊர்ல எதுக்குடி வீடு?" என்று கேட்டவர். "தண்ணி குறையில்லாம வருது அண்ணி" என்று ஒரு வருடமாகச் சாதித்துக்கொண்டிருந்தவள் நான். அவர் வருவதற்குள் மொட்டைமாடித் தொட்டி நிறைந்தாக வேண்டும்.

எட்டரை மணிக்கு, டேங்கரை இழுத்துக்கொண்டு ஒரு கிழட்டு டிராக்டர் வந்தது. வழக்கமான டிரைவர் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அவருடைய மச்சான் முனுசாமி ஓட்டி வந்தார். டிராக்டரின் பின்பக்கம் பி.டி.ஓ. என்று ஒரு தண்டு உண்டு. எஞ்சின் ஓடும்போது அது சுற்றும், அதோடு இணைத்த பம்பும் சுற்றும், தண்ணீர் மாடிக்கு ஏறும். முனுசாமி எஞ்சினை அணைத்தார். சீட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன லிவரை முன்னால் தள்ளி பி.டி.ஓ.வைப் போட்டுவைத்தார். பிறகு குழாயைத் தூக்கிக்கொண்டு என் கணவரோடு மாடிக்குப் போனார்.

பையன் டிராக்டரைப் பார்த்து வீரிட்டான். (பயந்து அல்ல, ஏற வேண்டுமாம்.) சீட்டில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். உடனே அந்த லிவரைப் பற்றி ஆட்டினான். கையை விலக்கினேன். அசைந்துவிட்டதோ? முன்னால் இருந்ததா, பின்னால் இருந்ததா? அப்படியே விட்டுவிட்டு டிரைவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பொறுப்பான பெண். (பி.எஸ்ஸி. இயற்பியல் வேறு.) நாலு தரம் யோசித்து, பின்னால்தான் இருந்தது என்று முடிவு செய்து, 'டக்' என்று விழும்வரை இழுத்துச் சரியாக வைத்தேன்.

முனுசாமி வந்து எஞ்சினைக் கிளப்பினார். தண்டு அசையவில்லை.

"இன்னாடா இது, பேஜாரா கீது!"

"லிவரைப் பாத்தீங்களா?" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"நான்தானே அக்கா போட்டேன்!" குனிந்து பார்க்காமலே கையால் ஆட்டினார். "டைட்டா கீது பாரு."

அவ்வளவுதான், எனக்கு உயிர் வந்தது. லிவர் சரி என்றால் தப்பு என்னுடையது இல்லை. இல்லை என்றதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விசேஷ வீட்டுக்கு இப்படியா ஒரு வண்டியை அனுப்புவாங்க?" என்று ஆரம்பித்தேன். அவர் கிளட்சைப் பார்த்தார், இணைப்பு ஊசியைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார். நான் விடாமல் பேசினேன்.

"சுமதி, தண்ணி வரலை!" என்று மாடியிலிருந்து கணவர் தகவல் தந்தார்.

"எங்களுக்கும் தெரியுதுங்க!"

கடைசியில் முனுசாமி வண்டியை நகர்த்திப் பார்த்தார். தண்டு சுற்றியது! நிறுத்தினார், நின்றது. "நவுந்தா சுத்துது, நின்னா நின்னுடுது. வண்டிக்கு வயசாயிடிச்சி அக்கா."

"அப்ப நிக்காம ஓட்டுங்க!" என்றேன். (பி.எஸ்ஸி.)

ஓட்டினார். வேகம் கூடக்கூடக் குழாய் விம்மியது. "என்னங்க, கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" என்று கத்தினேன். மூன்றாவது வீட்டைத் தாண்டியபோது குழாய் விறைத்தது. குழாயோடு தெருவுக்கு வருவதா, விடுவதா என்று கணவர் யோசித்திருக்க வேண்டும். விட்டுவிட்டார். (அவர் செய்தது சரிதான் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல மாதம் பிடித்தது.) தண்ணீரைப் பீய்ச்சியபடி குழாய் தெருவில் விழுந்தது. அங்கே அப்போதுதான் ஆட்டோவிலிருந்து பட்டுப்புடவையில் இறங்கிக்கொண்டிருந்தார் நாத்தனார்.

முனுசாமி பதறி வண்டியை நிறுத்தினார். நாத்தனார் முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொன்ன மாதிரி குறையில்லாமத்தாண்டி வருது."

முனுசாமி இறங்கிக் கும்பிட்டார். "மச்சானைக் கூட்டினு சாயங்காலம் வரேன்க்கா."

சாயங்காலமா? சோறு எதில் வடிப்பது? முனுசாமியின் வழியை மறித்தேன். "ஒரு நிமிஷம்... அந்த லிவரை முன்னால தள்ளிப் பாருங்களேன்."

கிளட்சை மிதித்துத் தள்ளினார். நின்ற இடத்திலேயே தண்டு சுற்றியது.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார் படியிறங்கி வந்த கணவர், பெருமை பொங்க.

இயற்பியல் என்று சொல்லியிருக்கலாம். சொட்டச் சொட்ட நின்ற நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

லிவர் முன்னால் இருந்தால் தண்டு எஞ்சினோடு சுற்றுமாம், பின்னால் இருந்தால் சக்கரத்தோடு சுற்றுமாம்; பிறகு வழக்கமான டிரைவர் சொன்னார். அதை அங்கே இரண்டு வார்த்தை எழுதிவைத்தால் என்ன?

இன்றும் மிக்ஸி ஓடவில்லையென்றால் பையன் பிளக்கைப் பார்ப்பதில்லை. "அம்மா, நீ எதையாவது சரியா வெச்சியா?" என்கிறான். (முதலில் கைவைத்தது அவன் என்பதை யாரும் பேசுவதில்லை.) போன வாரம் கீழ்க்கட்டளையில் நாத்தனார் வீட்டில் மட்டும் கரண்ட் போய்விட்டது. எனக்குத்தான் முதல் போன்.

"ஏண்டி, நேத்து இங்க வந்தியே, எதையாவது தொட்டியா?"