வெய்க்கோ திட்டம் போடாமல் போன பயணம்

வெய்க்கோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஹில்க்கா, இந்தக் கோடையில நாம ஊர் சுத்தப் போறோம். ஒரு திட்டமும் கிடையாது. கப்பல் எங்க போகுதோ அங்க. ரயில் எங்க போகுதோ அங்க. எங்க தங்குவோம்? தெரியாது. மறுநாள் எங்க இருப்போம்? அதுவும் தெரியாது!"

ஹில்க்கா கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"காய்ச்சலா?" என்றாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தில் முப்பத்து நாலு வருஷம் பேருந்து ஓட்டியவர் வெய்க்கோ. ஒரே தடம். சந்தைச் சதுக்கத்திலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து சந்தைச் சதுக்கம். ஓய்வு பெற்ற பிறகும் ரொட்டி வாங்க நடந்து போனால், பழைய நிறுத்தங்களில் எல்லாம் ஒரு வினாடி நின்றுதான் போவார். யாரும் ஏறவில்லை என்று உறுதியானதும் நகர்வார். அப்படிப்பட்டவர் திட்டமில்லாமல் கிளம்புகிறேன் என்றால் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்க்கத்தான் செய்வாள்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாழ்க்கையில ஒரு தடவையாவது விதி கூட்டிட்டுப் போற வழியில போகணும்னு தோணுது."

விதி என்ற சொல் விழுந்ததும் ஹில்க்காவின் கத்தி நின்றது. வெய்க்கோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது.

ஹில்க்காவுக்கு விதியில் அபார நம்பிக்கை. புத்தாண்டு அன்று தகரத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றி, உறைந்து வரும் உருவத்தைப் பார்த்து வருஷப் பலன் சொல்பவள். 'விதியா வந்தா யார் தடுக்க முடியும்?' என்பது அவள் அடிக்கடி சொல்லும் வசனம். அந்த வசனத்தின் மேல்தான் வெய்க்கோ தன் கோட்டையைக் கட்டியிருந்தார்.

கோட்டைக்குள் இருந்தது ஒரு மோட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கணினியில் ஒரு விளம்பரம் பார்த்தார். ஸ்வீடனில், ஸ்ட்ரெங்னேஸ் என்ற ஏரிக்கரை ஊரில், பழைய படகு மோட்டார் ஒன்று விற்பனைக்கு. 'ஒற்றைச் சிலிண்டர். பச்சை நிறம். பித்தளை எண்ணெய்க் கிண்ணம் அப்படியே இருக்கிறது. நல்ல கைகளைத் தேடுகிறது.' கடைசி வரியைப் படித்ததும் வெய்க்கோ தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே நாலு மோட்டார். ஒன்று விறகுக் கொட்டகையில், ஒன்று மாடிப்படிக்கு அடியில், ஒன்று சானா என்ற நீராவிக் குளியல் அறையில் பெஞ்சுக்குக் கீழே, ஒன்று ஹில்க்காவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில். இருப்பது ஒரு படகு. அதைத் துடுப்பு போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். "இன்னொரு மோட்டார் இந்த வாசப்படி ஏறினா, நான் இறங்கிடுவேன்" என்று ஹில்க்கா சட்டம் போட்டிருந்தாள்.

ஆனால் விதியே அந்த மோட்டாரைக் காட்டினால்? ஊர் பேர் தெரியாமல் ரயிலேறி, எங்கோ இறங்கி, எதேச்சையாக ஒரு தெருவில் திரும்பும்போது எதேச்சையாகப் பச்சை மோட்டார் கண்ணில் பட்டால்? சட்டம் போட்டவளே வாயடைத்து நிற்க வேண்டியதுதான். வெய்க்கோ ஸ்ட்ரெங்னேஸுக்குப் போன் செய்தார். குன்வோர் என்ற அம்மாள் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் கலகலவென்று சிரித்தாள். "கவலைப்படாதீங்க. மோட்டாரை லைலாக் செடிக்குப் பக்கத்துல, தெருவுல இருந்து தெரியற மாதிரி வைக்கிறேன். உங்களை முன்ன பின்னத் தெரியாத மாதிரியே நடிக்கிறேன்" என்றாள். தங்கமான பெண்மணி.

விதி சரியாக வேலை செய்ய ஒரு கருவியும் தயார் செய்தார். ஃபின்லாந்தின் ஒரு யூரோ நாணயத்தில் ஒரு பக்கம் அன்னப்பறவை, மறுபக்கம் எண். அப்படி இரண்டு நாணயங்களைப் பாதியாக அராவி, அன்னப்பறவை பக்கங்கள் இரண்டும் வெளியே தெரியும்படி ஒட்டினார். எப்படிச் சுண்டினாலும் அன்னம்தான். எண் விழவே விழாது. அன்னம் விழ விழ, தன் எண்ணம் பலிக்கும் என்று கணக்கு.

வெள்ளிக்கிழமை காலைக் கப்பலில் ஏறினார்கள். கப்பல் தீவுகளுக்கு நடுவே ஊர்ந்தது. வெய்க்கோ ஊறுகாய் மீனும் உருளைக்கிழங்குமாக மூன்று தட்டு சாப்பிட்டார். மத்தியானம் ஓலண்ட் தீவில், மரியேஹாம் துறையில் கப்பல் நின்றது. ஹில்க்கா திடீரென்று பையைத் தோளில் மாட்டினாள்.

"வா, இறங்கலாம்."

"எங்க?"

"இங்கதான். திட்டமே இல்லைன்னியே. எனக்கு இங்க இறங்கணும்னு தோணுது."

வெய்க்கோவுக்கு மூன்றாவது தட்டு தொண்டைக்கு வந்தது. "தோணினா போதுமா? விதியைக் கேக்க வேண்டாமா? காசு சுண்டிப் பாப்போம்!"

"சரி. அன்னம் விழுந்தா இறங்கறோம். எண் விழுந்தா இருக்கறோம்."

"இல்ல, இல்ல! அன்னம்னா இருக்கறோம்!"

"ஏன் அப்படி? நாந்தானே முதல்ல சொன்னேன். சுண்டு."

வெய்க்கோ காசைப் பார்த்தார். காசு இரண்டு பக்கமும் அன்னமாக அவரைப் பார்த்தது. சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஐயோ... வயிறு... என்னால ஒரு அடி நடக்க முடியாது, ஹில்க்கா."

"அடப் பாவமே. ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுது."

"அப்ப நல்லதாப் போச்சு. தீவுல நல்ல ஆஸ்பத்திரி இருக்கு. இறங்கு."

"இப்ப விட்டுடுச்சு!"

அதற்குள் கப்பல் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். ஹில்க்கா பின்னல் ஊசிகளை எடுத்தாள். ஸ்டாக்ஹோம் வரும்வரை அவள் உதட்டோரம் துடித்துக்கொண்டே இருந்தது. வெய்க்கோ அதைக் கடல்காற்று என்று நினைத்தார்.

ஸ்டாக்ஹோமில் தெருத்தெருவாக நடந்து, ஏதோ கண்ணில் பட்ட ஓட்டல் என்பதுபோல் ஒன்றின் முன்னால் நின்றார். "இது பரவாயில்லையா இருக்கே. இடம் இருக்கான்னு கேட்டுப் பாப்போமா?"

உள்ளே போனதும் மேசையில் இருந்த பெண் முகம் மலர்ந்தாள். "வெய்க்கோ ஐயாவா? வாங்க, வாங்க. மூணு வாரம் முன்னாடியே பதிவு பண்ணிட்டீங்களே. நீங்க கேட்ட மாதிரி லிஃப்டுக்குப் பக்கத்து ரூம், கட்டியான தலையணை."

ஹில்க்கா கணவனைப் பார்த்தாள்.

"விதி!" என்றார் வெய்க்கோ, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "அதே பேர்ல இன்னொருத்தன்! அவனுக்கும் கட்டித் தலையணைதான் பிடிக்குமாம் பாரேன்!"

"அவன் பெண்டாட்டியை நினைச்சா பாவமா இருக்கு" என்றாள் ஹில்க்கா.

மறுநாள் காலை ரயில் நிலையத்தில் பெரிய அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்றார்கள். வடக்கே, தெற்கே, மேற்கே என்று நாற்பது ஊர்கள். வெய்க்கோ வாயைத் திறப்பதற்குள் ஹில்க்கா முந்திக்கொண்டாள்.

"அன்னம் விழுந்தா உப்சாலா."

காசு 'தற்செயலாக' விரலிலிருந்து நழுவி, உருண்டு, படிக்கட்டுக்கு ஓரமாக இருந்த இரும்புச் சல்லடைக்குள் விழுந்தது. இரண்டு நாள் அராவிய காசு. மனசை அறுத்தது.

"போனா போகுது. நான் கண்ணை மூடிட்டு விரல் காட்டறேன்" என்றாள் ஹில்க்கா. கண்ணை மூடினாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். விரலை நீட்டினாள்.

ஸ்ட்ரெங்னேஸ்!

வெய்க்கோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விதியை ஏமாற்றக் கிளம்பியவருக்கு விதியே கைகொடுக்கிறது! ஸ்ட்ரெங்னேஸில் இறங்கியதும் அதிசயம் இரண்டு மடங்கானது. வலதுபக்கம் திரும்பலாம் என்று அவர் சொல்வதற்குள் ஹில்க்கா வலதுபக்கம் திரும்பினாள். தேவாலயத்தைத் தாண்டி இறங்கலாம் என்று நினைப்பதற்குள் இறங்கினாள். லைலாக் வாசனை வந்தது. அதோ, செடிக்குப் பக்கத்தில், பச்சையாக, பித்தளைக் கிண்ணம் வெயிலில் மின்ன, அது.

"ஆ!" என்றார் வெய்க்கோ. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த 'ஆ'. "ஹில்க்கா! இது என்னன்னு பாரு! இது எப்படி இங்க..."

"அடேங்கப்பா! மோட்டார்! விதியா வந்தா யார் தடுக்க முடியும்?" என்றாள் ஹில்க்கா.

வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமா! வெய்க்கோவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து குன்வோர் வந்தாள். உயரமான பெண். "அட, யாருங்க நீங்க? உங்களை நான் பார்த்ததே இல்லையே!" என்றாள் பிரமாதமாக. பின்னாலேயே அவள் கணவர் ரூனே வந்தார். தாடிக்குள் இருந்து ஒரு வணக்கம் சொன்னார். காபியும் இலவங்கப்பட்டை பன்னும் வந்தன. பெண்கள் இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்க்க உள்ளே போனார்கள். வெய்க்கோ மோட்டார் முன்னால் மண்டியிட்டார். ரூனேவும் மண்டியிட்டார். ஒரு மூடியைக் கழற்றினார்கள். இரண்டாவது மூடியைக் கழற்றினார்கள்.

தலை நிமிர்ந்து பார்த்தபோது ஹில்க்கா பையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் குன்வோர், முதுகில் சிவப்பு மூட்டை.

"நாங்க கிளம்பறோம். ரயிலுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றாள் ஹில்க்கா.

"நாங்கன்னா? எங்க?"

"அது எப்படித் தெரியும்? திட்டமே கிடையாதே."

"எப்ப வருவ?"

"வர்ற தேதி தெரிஞ்சா அது என்ன திட்டமில்லாப் பயணம்? உருளைக்கிழங்கு தொட்டியில இருக்காம். ஸ்ட்ராபெரி பழுத்திருக்கு, தினமும் பறிக்கணுமாம். கோழி ஆறு. ரூனேவுக்குச் சமைக்கத் தெரியாது, நீதான் பாத்துக்கணும்."

வேலிக் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே மேடேறிப் போகும் சத்தம் கேட்டது.

வெய்க்கோ எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்தார். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டார். பெண்டாட்டி போனால் வருவாள். மோட்டார் கிடைத்துவிட்டது.

"என்ன விலை சொல்றீங்க?" என்றார் ரூனேவிடம்.

"எதுக்கு?"

"இதுக்குத்தான். விக்கறீங்களே."

"விக்கறதா?" ரூனே மோட்டாரை அணைத்துக்கொண்டார். "இது எங்க அப்பாவோடது! இதை ஓட வைக்கறதுக்கு ஃபின்லாந்துல இருந்து ஒரு நிபுணர் வர்றார்னு குன்வோர் சொன்னா. நீங்கதானே அந்த நிபுணர்?"

வெய்க்கோ அப்போதே எழுந்து அடுத்த ரயிலைப் பிடித்திருக்கலாம். ஆனால் நிபுணர் என்று அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அதோடு மூடி வேறு திறந்து கிடந்தது. திறந்த மோட்டாரை விட்டுவிட்டுப் போக அவரால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை.

ஒன்பது நாள் ஓடியது. மோட்டார் ஓடவில்லை. காலையில் கோழிக்குத் தீனி, பிறகு ஸ்ட்ராபெரி, பிறகு மோட்டார், மத்தியானம் உருளைக்கிழங்கு, மறுபடி மோட்டார், சாயங்காலமும் உருளைக்கிழங்கு. ரூனே வாய் திறப்பது சாப்பிட மட்டும்தான்.

போன் மட்டும் வந்தது. முதலில் ஸ்வீடனின் மேற்குக் கரையில் இருக்கும் யோத்தேபோரியிலிருந்து. "இறால் சாப்பிட்டோம். பிரமாதம்." பிறகு கப்பலேறி டென்மார்க்கிலிருந்து. "ரெண்டு கடல் ஒண்ணா மோதற இடத்துல நிக்கறேன், வெய்க்கோ. ஒரு கால் இந்தக் கடல்ல, ஒரு கால் அந்தக் கடல்ல."

"நான் வரட்டுமா?" என்று கேட்டார் வெய்க்கோ. முப்பத்தெட்டு வருஷத்தில் இத்தனை நாள் அவளைப் பிரிந்திருந்ததில்லை.

"வாயேன். ஆனா நாளைக்கு எங்க இருப்போம்னு எங்களுக்கே தெரியாதே. எங்க வருவ?"

பத்தாம் நாள் காலை வெய்க்கோ சக்கரத்தைச் சுழற்றினார். மோட்டார் இருமியது. புகை விட்டது. கோழிகள் கூரை மேல் ஏறின. தும்... தும்... தும்தும்தும்! ரூனே அழுதார். வெய்க்கோவைக் கட்டிப்பிடித்துத் தாடியால் தேய்த்தார். வெய்க்கோவும் அழுதார். உடனே ஹில்க்காவுக்குப் போன் போட்டார்.

"கேக்குதா? கேக்குதா சத்தம்?"

"கேக்குது, கேக்குது. கெட்டிக்காரன்தான் நீ. குன்வோர், உன் வீட்டு மோட்டார் ஓடுதாம்!"

"ஹில்க்கா, உண்மையைச் சொல்லிடறேன். அந்த விளம்பரத்தை நான் முன்னாடியே பார்த்தேன். விதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னை ஏமாத்தப் பார்த்தேன். இந்த குன்வோர் என்னையே ஏமாத்திட்டா. விக்காத மோட்டாருக்கு விளம்பரம் போட்டிருக்கா!"

"அவளைத் திட்டாதே, பாவம். பிப்ரவரியில எஸ்தோனியாவுக்கு மண்குளியலுக்குப் போனேனே, அங்க பக்கத்துத் தொட்டியில கிடந்தா. அவளுக்கும் ஊர் சுத்தணும், எனக்கும் ஊர் சுத்தணும். ரெண்டு பேர் வீட்டுக்காரரும் நகர மாட்டாங்க. அவளுக்கு அவ்வளவு அழகா எழுத வராது. விளம்பரம் எழுதினது நான்தான்."

வெய்க்கோவுக்குப் பதிலாக மோட்டார்தான் பேசியது: தும், தும், தும்.

"இருக்கியா?" என்றாள் ஹில்க்கா. "நாங்க இப்ப நார்வேல இறங்கியிருக்கோம். கப்பல்ல சோல்வைக்னு ஒருத்தி பழக்கமானா. அவளும் எங்ககூட வரணும்ங்கறா. வீட்டுக்காரரைத் தனியா விட்டுட்டு வர யோசிக்கறா. அவங்க கொட்டகையில ஒரு டிராக்டர் பதினஞ்சு வருஷமா ஓடாம நிக்குதாம்."

இதற்கு மேல் பொறுக்க முடியாது. ஒரு மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. போனை வைத்துவிட வேண்டும், அடுத்த கப்பலில் துர்க்கு திரும்பிவிட வேண்டும், இனி யார் பேச்சையும் கேட்கக் கூடாது என்று வெய்க்கோ அந்த நிமிஷமே முடிவு செய்தார். போனைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு மறுபடி காதில் வைத்தார்.

"எத்தனை சிலிண்டர்?" என்றார்.